உங்களுக்குத் தெரியுமா? டொமைன் வியாபாரம்: ஒரு நாள் தீபாவளி, பல மாதம் ஆடி

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு இணையப் பெயரை, அதாவது டொமைனைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது, தேவைப்படுகிறவர் தேடி வந்ததும் லட்சத்துக்கு விற்பது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். '.இன்' பெயர்களின் பதிவகம் டெல்லியில் இருக்கிறது. இந்த வியாபாரத்தின் எல்லைக்கோட்டைக் கிழித்த வழக்குகள் பலவும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தவை. கோடிக்கு விற்ற கதை ஊரெல்லாம் பரவிவிடுகிறது, ஒன்றுமே விற்காத மாதங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டையும் பார்த்துவிடலாம்.

டெல்லிக் கதைகள்

● கேம்பிரிட்ஜ் கடிதம்
2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார்.காம் என்ற முகவரியைத் திறந்தவர்களுக்குப் படமும் வரவில்லை, கிரிக்கெட்டும் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டெல்லியைச் சேர்ந்த ஒரு ஆப் டெவலப்பர். ஐ.பி.எல். ஒளிபரப்பை இழந்த ஹாட்ஸ்டார், ஜியோவோடு சேரக்கூடும் என்று 2023-இலேயே அவர் கணக்குப் போட்டார். சாவன் என்ற பாட்டு நிறுவனத்தை வாங்கியபோது ஜியோசாவன் என்று பெயர் வைத்தார்களே, இதற்கும் அப்படித்தான் வைப்பார்கள் என்று அந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டார். கேம்பிரிட்ஜில் தான் படிக்க ஆகும் 93,345 பவுண்டை, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயைக் கட்டினால் பெயரைத் தந்துவிடுவதாகக் கடிதம் சொன்னது. ஜியோவின் உரிமையாளரான ரிலையன்ஸ் மறுத்துவிட்டது. பிறகு துபாயில் வசிக்கும் அண்ணன் தங்கையான இரு சிறார் அந்தப் பெயரை வாங்கி, ரிலையன்ஸுக்கு இலவசமாகவே தர முன்வந்தார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரிலேயே சேவை தொடங்கியது. டெல்லிக்காரரின் கணிப்பு அச்சுப் பிசகாமல் பலித்தது. கேட்ட ஒரு கோடிதான் வரவில்லை.

● ஏன் வரவில்லை?
'ஜியோ', 'ஹாட்ஸ்டார்' இரண்டும் ஏற்கெனவே மற்றவர்களின் வணிகச் சின்னங்கள். இரண்டையும் ஒட்டி ஒரு பெயரை முதலில் பதிவு செய்தவர் என்பதால் மட்டும் அதில் உரிமை பிறந்துவிடாது. இந்த வியாபாரத்தில் விற்கக்கூடிய சரக்கு, யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொற்களும் புதிதாகப் புனைந்த பெயர்களும்தான்.

● முதல் பெரிய வழக்கு
நம் நாட்டின் முதல் முக்கிய டொமைன் வழக்கு யாஹூ தொடுத்தது. யாஹூஇந்தியா.காம் என்ற பெயரில் ஒருவர் தளம் நடத்த, 1999 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 'யாஹூ என்பது அகராதியில் உள்ள சொல்தானே' என்ற வாதம் எடுபடவில்லை. 'நாங்கள் யாஹூ அல்ல' என்று தளத்தில் அறிவிப்பு வைத்ததும் உதவவில்லை.

● தலைவர் பெயருக்கும் பூட்டு
அருண்ஜெட்லி.காம் என்ற பெயரை வேறு ஒருவர் கையில் வைத்துக்கொண்டு விலை பேசியபோது, அரசியல் தலைவர் அருண் ஜெட்லி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011 ஜூலையில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பிரபலமான ஒரு மனிதரின் பெயர் அவருக்கே உரிய அடையாளம் என்றது நீதிமன்றம். அரசியல்வாதி, நடிகர், கிரிக்கெட் வீரர் பெயர்களை மொத்தமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறை படிப்பது நல்லது.

● எல்லாவற்றையும் முன்கூட்டித் தடுக்க முடியாது
'ஸ்னாப்டீல்' என்ற சொல் வரும் எந்தப் பெயரையும் இனி யாருக்கும் விற்கவே கூடாது என்று கேட்டு, அந்தப் பெயர் கொண்ட நிறுவனம், டொமைன்களை விற்கும் பதிவாளர் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. வரப்போகும் பெயர்களுக்கெல்லாம் இப்போதே பொதுத் தடை தர முடியாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, மாற்றுப் பெயர்களைக் காட்டிக் காசு பார்க்கும் பதிவாளர்கள் 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று ஒதுங்கிக்கொள்ளவும் விடவில்லை.

● யார் இந்த அசோக் குமார்?
பெயரை ஒளித்துக்கொண்டு டொமைன் வைத்திருக்கும் ஆள் யாரென்றே தெரியாவிட்டால் வழக்கை யார் மீது போடுவது? நம் நீதிமன்றங்களில் அப்படிப்பட்ட முகம் தெரியாத எதிராளிக்கு வழக்கமாக வைக்கும் பெயர் 'அசோக் குமார்'.

● கதவு திறந்தது 2005-இல்
'.இன்' உருவானது 1989-இல். ஆனால் கெடுபிடிகள் அதிகம் என்பதால் 2004 முடியும் வரை பதிவான பெயர்கள் 7,000 அளவில்தான் இருந்தன. 2003-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற நிறுவனமான 'நிக்ஸி'யின் கைக்குப் பதிவகம் வந்தது. 2005 ஜனவரியில் வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். பிப்ரவரி 16 முதல் முந்தியவருக்கே பெயர். இன்று '.இன்' பெயர்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

● கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ப்பு
'.இன்' பெயரில் தகராறு வந்தால் நிக்ஸி ஒரு நடுவரை அமர்த்துகிறது. அவர் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. உலக அளவிலான '.காம்' விதிப்படி, பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததையும் காட்ட வேண்டும், கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தியதையும் காட்ட வேண்டும். '.இன்' விதியில் இரண்டில் ஒன்றைக் காட்டினாலே போதும். பிறர் பெயரைப் பதுக்கியவருக்கு டெல்லி நடுவர் முன்னால் தப்பிக்கும் சந்து இன்னும் குறுகல்.

● ஈபே வந்து ஒட்டிக்கொண்ட பெயர்
டெல்லியில் 2008-இல் தொடங்கிய உணவுத் தளம் ஒன்றின் பெயர் 'ஃபுடிபே'. அதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி நான்கும் 'ஈபே' என்றே படிக்கும். வம்பு வேண்டாம் என்பதும் ஒரு காரணமாக, 2010-இல் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் ஸொமேட்டோ. 2025-இல் தாய் நிறுவனத்தின் பெயர் 'எட்டர்னல்' என்றும், அதன் முகவரி எட்டர்னல்.காம் என்றும் மாறின. இப்படிப்பட்ட பெயர் மாற்றங்களை எதிர்பார்த்துத்தான் ஒரு பொதுச் சொல்லைப் பல ஆண்டுகள் பொத்தி வைத்திருக்கிறார்கள் வியாபாரிகள். எந்த ஆண்டு, யார் வருவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கூட்டல் கழித்தல்

● நூற்றுக்கு ஒன்று
ஒரு ஆண்டில் கையிருப்பில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பெயர் விற்றால் அது வழக்கமான வேகம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 100 பெயர் வைத்திருப்பவருக்கு, ஆண்டு முழுவதும் ஒன்றுகூட விற்காமல் போகும் வாய்ப்பு 37 சதவீதம். தவறு எதுவும் செய்ய வேண்டியதில்லை, எண்கணிதமே அப்படித்தான் சொல்கிறது.

● 300 பெயர் இருந்தால்?
ஆண்டுக்குச் சராசரி மூன்று விற்பனை. மாதத்துக்கு மாதம் பார்த்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று மாதங்கள் பூஜ்யம். தொடர்ந்து மூன்று மாதம் ஒன்றும் போகாமல் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஒரு ஆண்டு ஒன்று, மறு ஆண்டு ஆறு என்று வந்தாலும் அதில் அதிசயமில்லை. 'போன வருஷம் ஆறு போச்சே, இந்த வருஷம் சந்தை படுத்துவிட்டது' என்று சொல்கிறவர் பல நேரம் சந்தையைக் குறை சொல்ல வேண்டியதே இல்லை. போன வருஷம்தான் அதிர்ஷ்ட வருஷம்.

● ரினியூவல் மட்டும் நாள் தவறாது
ஒரு பேச்சுக்குப் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் 1,200 ரூபாய் என்றால், 300 பெயருக்கு 3,60,000 ரூபாய். மூன்று பெயர்தான் விற்கும் என்றால், கைமுதல் திரும்பவே ஒவ்வொன்றும் 1,20,000 ரூபாய் தர வேண்டும். விற்பனைத் தளத்தின் கமிஷன் 20 சதவீதம் போனால், வாங்குபவர் 1,50,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். லாபம் என்ற பேச்சு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. இந்தத் தொழிலில் பலரும் கவிழ்வது மோசமான பெயரால் அல்ல, அதிகப் பெயர்களால்.

● டாலர் ஏறினால் இங்கே வலிக்கும்
'.காம்' பதிவகமான வெரிசைன் 2012 முதல் 2021 வரை ஒரு பெயருக்கு 7.85 டாலர் மொத்த விலை வாங்கியது. அதன் பிறகு நான்கு ஆண்டு ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. டாலர் கணக்கில் ஏற்றம் 31 சதவீதம். ஆனால் 2012-இல் ஏறத்தாழ 53 ரூபாயாக இருந்த டாலர், 2024-இல் 84 ரூபாயைத் தொட்டது. ஆக, நம் கணக்கில் 420 ரூபாய்ச் சரக்கு 860 ரூபாயாகி இரட்டித்துவிட்டது. பதிவாளரின் லாபமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இதற்கு மேல்.

● ஒரே பெயருக்கு இரண்டு விலை
கம்பெனி நடத்தப் பெயர் தேடுகிறவர் தரும் விலை ஒன்று. மறுபடி விற்பதற்காக வாங்கும் சக வியாபாரி தரும் விலை அதில் ஒரு சிறு பங்குதான். பணமுடை வந்து அவசரத்துக்கு விற்கிறவருக்குக் கிடைப்பது இரண்டாவது விலை. கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு இல்லாதவர் இந்தத் தொழிலில் எப்போதும் மலிவாகவே விற்பார்.

● கமிஷன் 15 முதல் 25 வரை
பெரிய விற்பனைத் தளங்கள், எந்த வழியாக விற்றது என்பதைப் பொறுத்து, நூற்றுக்கு 15 முதல் 25 வரை எடுத்துக்கொள்கின்றன. வீட்டுத் தரகருக்கு ஒரு மாத வாடகை தரத் தயங்குகிறவர்கள் இங்கே கேள்வி கேட்காமல் தருகிறார்கள். வாங்குபவர் அங்கேதான் தேடுகிறார் என்பதுதான் காரணம்.

ஏறியதும் இறங்கியதும்

● சென்னை கொடுத்த 499 கோடி
1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, 'இந்தியாவேர்ல்ட்' தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. கேல், கோஜ், சமாச்சார், பாவர்ச்சி என்ற எளிய இந்திச் சொற்களே அந்தத் தளங்களின் பெயர்கள். நாடே வாய் பிளந்தது. 2000 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. விற்றவர் சரியான நேரத்தில் விற்றிருந்தார்.

● அதே நிறுவனம், உச்ச நீதிமன்றத்தில்
சத்யம் இன்ஃபோவே வணிகத்தில் பயன்படுத்திய பெயர் 'சிஃபி'. அதைப் போலவே ஒலிக்கும் 'சிஃபிநெட்' என்ற பெயரை இன்னொரு நிறுவனம் வைத்துக்கொண்டது. 'ஐந்து பங்காளிகளின் முதலெழுத்தைச் சேர்த்தோம்' என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்றைக்கும் இந்தியாவில் டொமைன் வழக்கு என்றால் முதலில் எடுத்துக்காட்டப்படுவது சென்னை நிறுவனத்தின் இந்த வழக்குதான்.

● பிசினஸ்.காம் பட்ட பாடு
1997-இல் 1,50,000 டாலர். 1999-இல் 75 லட்சம் டாலர். 2007-இல் தளமும் தொழிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 34.5 கோடி டாலர். கடைசியாக அவ்வளவு கொடுத்து வாங்கிய நிறுவனம் 2009-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

● வாய்ஸ்.காம்
2019-இல் 3 கோடி டாலர் ரொக்கத்துக்கு விற்றது. அதுவரை வெளியே தெரிந்த பெயர் விற்பனைகளில் அதுவே உச்சம். விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் அந்தப் பெயரைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தது. வாங்கியவர்கள் அந்தப் பெயரில் தொடங்கிய சமூக ஊடகம் நிலைக்கவில்லை.

● சாட்.காம்
இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஹப்ஸ்பாட் இணை நிறுவனர் தர்மேஷ் ஷா, 2023-இல் 1.55 கோடி டாலருக்கு இதை வாங்கினார். சில மாதங்களிலேயே கைமாற்றிவிட்டார். வாங்கியது ஓபன்ஏஐ என்பது 2024 நவம்பரில் வெளியே தெரிந்தது. ஒன்றரைக் கோடி டாலரை ஒரே சொல்லில் போட அவரால் முடியும். அவர் ஜெயித்ததைப் பார்த்து நாமும் கடன் வாங்கிப் பெயர் வாங்குவது வேறு கதை.

● சீனாவிலிருந்து வந்த வெள்ளம்
2015 கடைசியில் சீன முதலீட்டாளர்கள் நான்கெழுத்து '.காம்' பெயர்களை அள்ளிக் குவித்தார்கள். அர்த்தமே வேண்டாம், ஆங்கில உயிரெழுத்தும் 'வி'யும் இல்லாமலிருந்தால் போதும். விலை சில மாதங்களில் பல மடங்கானது. 2016-இல் வெள்ளம் வடிந்ததும், உச்சத்தில் வாங்கிய இந்திய வியாபாரிகள் உட்படப் பலரும் அர்த்தமில்லாத நான்கெழுத்துகளோடு நின்றார்கள்.

● குட்டித் தீவின் கஜானா
'.ஏஐ' என்பது கரீபியக் கடலில் உள்ள அங்குவிலா தீவின் குறியீடு. மக்கள்தொகை 16,000 அளவில்தான். செயற்கை நுண்ணறிவு அலையில் 2023-இல் மட்டும் டொமைன் மூலம் அந்த அரசுக்கு வந்தது ஏறத்தாழ 3.2 கோடி டாலர். மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பெயர் வியாபாரத்தில் மாதம் தவறாமல் சம்பாதிப்பது யார் என்பதற்கு இதுவே விடை. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் வாங்கும் பதிவகம்தான்.

● '.ஐஓ'வின் தலையெழுத்து
மென்பொருள் நிறுவனங்கள் விரும்பும் '.ஐஓ', இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் பகுதியின் குறியீடு. அத்தீவுகளை மொரீஷியஸுக்குத் தருவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததும், பெயர் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. நாடு போனால் குறியீடும் போகலாம். யூகோஸ்லாவியாவின் '.யூ' அப்படித்தான் 2010-இல் மூடப்பட்டது.

● பார்க்கிங் வருமானம்
விற்காத பெயரில் விளம்பரப் பக்கம் போட்டு, தவறி வருகிறவர்களின் கிளிக்கில் காசு பார்ப்பதற்குப் பெயர் 'பார்க்கிங்'. ஒரு காலத்தில் ரினியூவல் செலவை இதுவே சமாளித்தது. 2025-இல் கூகுள் விளம்பரதாரர் கணக்குகளில் இத்தகைய பக்கங்களை இயல்பாகவே விலக்கத் தொடங்கியதும், அந்த ஊற்றும் வற்றிப்போனது.

பெயருக்கும் மரணம் உண்டு

● எண்பது நாள் சாவு
காலாவதியான '.காம்' பெயர் அன்றே செத்துவிடாது. முதலில் 45 நாள் வரை சலுகைக் காலம், சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அடுத்த 30 நாள் மீட்புக் காலம், அபராதம் பல மடங்கு. கடைசி 5 நாள் யாராலும் தொட முடியாது. பிறகு பெயர் பொதுவில் விழுகிறது. அந்த நொடிக்காக உலகெங்கும் கணினிகள் காத்திருக்கின்றன. நல்ல பெயர் என்றால் கண் இமைப்பதற்குள் போய்விடும். சாதாரண மனிதர் விரலால் தட்டி வாங்குவது நடக்காத காரியம்.

● ஒரு நிமிட முதலாளி
2015 செப்டம்பரில் குஜராத்தைச் சேர்ந்த முன்னாள் கூகுள் ஊழியர் ஒருவர் 12 டாலருக்கு கூகுள்.காம் பெயரையே வாங்கிவிட்டார். ஒரு நிமிடத்தில் கூகுள் விற்பனையை ரத்து செய்தது. அவருக்கு 6,006.13 டாலர் பரிசு தந்தது. அவர் அதைத் தானம் செய்யப்போவதாகச் சொன்னதும் தொகை இரட்டிப்பானது.

● ருசி பார்க்கும் தந்திரம்
பதிவு செய்த 5 நாளுக்குள் பெயரைத் திருப்பித் தந்தால் காசு வாபஸ் என்ற விதியைச் சிலர் பிடித்துக்கொண்டார்கள். லட்சக்கணக்கான பெயர்களை எடுத்து, விளம்பரம் போட்டுப் பார்த்து, தேறாததைத் திருப்பித் தந்தார்கள். 2008-இல் வாபஸுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியதும் இந்த விளையாட்டு 99.7 சதவீதம் நின்றுபோனது.

நம் வீட்டுப் பக்கம்

● தமிழுக்கு மூன்று
தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டுக் குறியீடுகள் உண்டு. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்'. இவற்றில் வாங்கி விற்கும் சந்தை என்று சொல்லும்படி எதுவும் வளரவில்லை. அழகான தமிழ்ப் பெயர்கள் பல காலியாகவே கிடக்கின்றன. முதலீடாக வேண்டாம், உங்கள் இதழுக்கோ கடைக்கோ பயன்படுத்தவே வாங்குங்கள்.

● வங்கிக்குத் தனி வாசல்
வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியல்லாதவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. 'பேங்க்' என்ற சொல்லை ஒட்டிப் பெயர் வாங்கி வைத்து, வங்கி வரும் என்று காத்திருந்தவர்களின் சரக்கு இதனால் மவுசு இழந்தது. ஓர் அரசு உத்தரவு போதும், ஒரு வகைப் பெயரின் விலை மாற.

● மதிப்பீட்டுச் சான்றிதழ் மோசடி
'உங்கள் பெயரை 20,000 டாலருக்கு வாங்குகிறேன், முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்குங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால், அந்தத் தளம்தான் அவருடைய வியாபாரம். சான்றிதழுக்குப் பணம் கட்டியதும் ஆள் காணாமல் போவார். உண்மையாக வாங்குகிறவர் விற்பவரைச் செலவு செய்யச் சொல்ல மாட்டார்.

● இறங்க நினைக்கிறவர்களுக்கு
பத்துப் பெயருக்கு மேல் வேண்டாம். இன்னொருவரின் சின்னத்தைத் தொட வேண்டாம். இரண்டு ஆண்டு ரினியூவல் பணத்தை ஒதுக்கி வைத்த பிறகு தொடங்குங்கள். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இந்த வருமானத்தை நம்பவே வேண்டாம்.

● வியாபாரமே வேண்டாம் என்பவர்களுக்கு
உங்கள் கடை, பள்ளி, சங்கத்தின் இணையப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் பேரில் இருந்தால் உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கட்ட மறந்த 1,200 ரூபாயைத்தான் இன்னொருவர் லட்சமாக்கக் காத்திருக்கிறார்.